மாணவர் கடனும் பொறுப்பும்



அமெரிக்காவில் படிப்புக்காக சர்க்காரிடம் மாணவர்கள் வாங்கிய கடனைத் தள்ளிக் கொடுப்பது நியாயமா என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி பைடன், ஆளுக்கு 10,000 டாலர் வரையிலும், ஏழை மாணவர்களுக்குரிய பெல் உதவிப் பணம் பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரையிலும் தள்ளுவதாக அறிவித்தார். 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லையென்று தடுத்துவிட்டது. சட்டத்தின் சங்கதி அத்தோடு சரி. நியாயத்தின் சங்கதி தீர்ந்தபாடில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்லுவதென்ன? "கையெழுத்துப் போட்டு வாங்கினவன்தானே கட்ட வேண்டும்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முன்பே கடனைத் தீர்த்தவன் ஏமாளியா? காலேஜ் வாசலை மிதிக்காத லாரிக்காரன் வரிப்பணத்தில் பட்டதாரியின் கடன் தீர வேண்டுமா?" என்கிறார்கள். இவற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதிலும் லாரிக்காரன் கேள்வி மிகவும் நியாயமானது.

ஆனால் பொறுப்பு முழுவதையும் மாணவன் தலையிலேயே கட்டுவானேன்? வியாபாரி நொடித்துப்போனால் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தப்பலாம். சூதாடித் தோற்றவன் கடனுக்குங்கூட அந்நாட்டுக் கோர்ட்டில் பெரும்பாலும் வழியுண்டு. படிப்புக் கடனுக்கு மாத்திரம் 1976-ல் தடை போட ஆரம்பித்தார்கள். 1998 முதல், எத்தனை வருஷமானாலும், தாங்க முடியாத கஷ்டமென்று கோர்ட்டில் ருசுப்படுத்தினாலொழிய சர்க்கார் கடனிலிருந்து விடுதலையில்லை. 2005-ல் தனியார் பாங்கிகள் கொடுத்த படிப்புக் கடனையும் அதில் சேர்த்தார்கள். பாங்கிக்காரனுக்குக் கடன் மூழ்கும் என்ற பயம் குறைந்தது. ஆராய்ந்து கொடுக்கும் கவலையும் குறைந்தது. காலேஜுக்கோ சம்பளம் முன்னதாகவே வந்து சேருகிறது. அப்படிப்பு பிற்பாடு சோறு போட்டதா என்பது அதற்கெதற்கு? மிஞ்சிய பொறுப்பாளி பதினெட்டு வயதுப் பிள்ளை! "அவனவன் தலையெழுத்து" என்று நம்மூரில் சொல்லுவதை அங்கே "சொந்தப் பொறுப்பு" என்கிறார்கள் போலும்.

நிற்க, 2020-ல் கொரோனா வந்தபோது, ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தாமலிருக்க முதலாளிகளுக்கு சுமார் 80,000 கோடி டாலர் கடன் கொடுத்து, மிகப் பெரும் பகுதியைத் தள்ளியும் விட்டார்கள். தள்ளுவதாக முதலிலேயே சொல்லிக் கொடுத்த கடன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அதுவும் அதே லாரிக்காரன் வரிப்பணந்தானே?

கடனைத் தள்ள வேண்டுமென்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருதரம் தள்ளிவிட்டு, காலேஜ் சம்பளத்தை அப்படியே விட்டால், அடுத்த வருஷம் சேரும் பிள்ளையும் அதே பத்திரத்தில்தான் கையெழுத்துப் போடும். அப்படிச் சேருவது அந்த லாரிக்காரன் மகளாகவும் இருக்கலாம். அவள் சம்பளத்தை யார் குறைக்கப் போகிறார்கள் என்பதற்கு இரு கட்சியாரும் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.