ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன்



பல ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கும் அம்பாசிடரை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், முதல் வேலையாகப் புது பேட்டரி வாங்கி மாட்டி, ஸ்டார்ட்டரைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஒரு நிமிட அவசரத்தில், நன்றாக இருக்கும் எஞ்சின்கூடக் கெட்டுப்போகலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய அம்பாசிடரில் பெரும்பாலும் இருப்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் சுழலும். அது டாப்பெட்டைத் தூக்கும். டாப்பெட் புஷ் ராடை மேலே தள்ளும். புஷ் ராட் ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். திரும்ப மூடுவது ஸ்பிரிங்கின் வேலை.

எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தபடியேதான் நிற்கும். சைலன்ஸர் வழியாகப் புகும் ஈரக்காற்று அங்கே துருவை உண்டாக்கும். பழைய பெட்ரோல் பிசினாக இறுகும். வால்வுத் தண்டு கைடுக்குள் ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டிய வால்வை ஸ்டார்ட்டர் வேகத்தில் தள்ளினால் புஷ் ராட் வளைந்துவிடும். திறந்த நிலையில் ஒட்டியிருந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் நிற்காது.

ஆகவே முதலில் ஆயிலை மாற்றுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு ராக்கர் கவரைத் திறந்து, ஹேண்டில் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். எங்கேயாவது இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு முழுச் சுற்றில் எட்டு வால்வும் ஒருமுறை திறந்து மூட வேண்டும். அதைக் கண்ணால் பாருங்கள். இறங்கிய வால்வு மேலே வராமல் ராக்கர் தளர்ந்து ஆடினால், வால்வு ஒட்டியிருக்கிறது. தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுமையாக இளக்க வேண்டும். ஒரு வால்வு மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகத் திறந்தால், புஷ் ராட் வளைந்திருக்கலாம், அல்லது கேம் தேய்ந்திருக்கலாம். புஷ் ராடைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கழற்றியதை அதே இடத்தில்தான் திரும்பப் போட வேண்டும்.

அடுத்தது டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: திறந்திருக்கும் வால்வின் எண்ணையும் பார்க்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9 வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைப் பாருங்கள். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ராக்கரின் முனை குழிந்து தேய்ந்திருந்தால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் அந்தக் குழியைக் காட்டாமல் ஏமாற்றிவிடும். அதையும் தடவிப் பாருங்கள்.

டாப்பெட் தட்டும் சத்தம் எல்லோருக்கும் கவலை தருகிறது. ஆனால் அதிகம் பயப்பட வேண்டியது இடைவெளியே இல்லாத, சத்தமே போடாத வால்வுக்குத்தான். அது முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் அமரும்போதுதான் இறக்கிவைக்கிறது. அமர முடியாதபோது கருகும். இடைவெளி இப்படிக் குறைவதற்கு ஒரு காரணம் உண்டு. 2000-ல் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் பழைய ஹெட்டின் சீட்டுகளைத் தேயாமல் காத்துவந்தது. இப்போது சீட் தேயத் தேய வால்வு உள்வாங்கி, இடைவெளி சத்தமில்லாமல் குறையும்.

இவ்வளவும் சரியென்றால், பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசியாத இடத்தில் வழி அடைத்திருக்கிறது. பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

எட்டு இடைவெளியையும் நான்கு கம்ப்ரஷன் அளவையும் ஒரு தாளில் எழுதி உங்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஹெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்தே அவர் சொல்லிவிடுவார். தேவையில்லாத செலவு உங்களுக்கு வராது.