நாளும் ஒரு நாழிகை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடித் தென்னாட்டினின்றும் புனேக்கு வந்தவர்கள் நாம். நம்முள் மூத்தோர் பலர், பிம்ப்ரியிலும் சிஞ்ச்வடிலும் ஆகுர்டியிலும் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தே வந்து, பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று பாராது உழைத்து, நிக்டியில் வீடு கட்டி, மக்களைப் படிக்க வைத்தனர். இவ்வளவும் செய்த நாம், நம் உடலைப் பேணுதற்கு மட்டும் பொழுது காணவில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் முதுகுவலியும் நம் இல்லங்களில் விருந்தினராக வந்து குடித்தனக்காரராகவே தங்கிவிட்டன. ஆதலின், ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவை நமக்கு எவ்வளவில் துணை செய்யும் என்பதை இன்று சிந்திப்போம்.

இக்கலை தமிழர்க்குப் புதிதன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளையுடைய யோகத்தை விரித்துரைத்தார். வள்ளுவப் பெருந்தகையோ, 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவு பற்றியே பேசினார். நோய் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காத்தலே நன்று என்பது நம் முன்னோர் கொள்கை.

நாம் வாழும் இப்பகுதியோ யோகத்திற்குப் பெயர் பெற்ற பகுதி. ஆகுர்டி நிலையத்தில் லோக்கல் வண்டி ஏறினால், கடைசி நிலையம் லோணாவளா. அவ்வூரில் 1924-ஆம் ஆண்டு சுவாமி குவலயானந்தர் 'கைவல்யதாமம்' என்னும் நிலையத்தை நிறுவினார். யோகம் நலம் தரும் என்று சொல்லுவதோடு அவர் அமையவில்லை. ஆசனமும் பிராணாயாமமும் உடலினுள் என்ன செய்கின்றன என்பதை எக்ஸ்ரே கொண்டும் இரத்த அழுத்தத்தை அளந்தும் ஆராய்ந்தார். முடிவுகளை வெளியிட 'யோக மீமாம்சா' என்னும் இதழையும் அவ்வாண்டிலேயே தொடங்கினார். நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மையே நாம் முதற்கண் கற்க வேண்டியது.

அடுத்து, நம்மைப் போலவே தெற்கினின்றும் புனேக்கு வந்த ஒருவரை நினைவோம். கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918-இல் பிறந்த பி.கே.எஸ். அய்யங்கார், இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். மைசூரில் தம் தமக்கையின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் பயின்று தேறினார். 1937-இல், பதினெட்டு வயதில், டெக்கான் ஜிம்கானாவில் ஆறு திங்கள் கற்பிக்கவென்று இந்நகருக்கு வந்தார். மராத்தி அறியார், ஆங்கிலமும் சிறிதே அறிவார். வறுமை வாட்டியது. எனினும் ஊர் திரும்பாமல் இந்நகரையே தம் ஊராகக் கொண்டார். 1966-இல் வெளிவந்த 'லைட் ஆன் யோகா' என்னும் அவருடைய நூல் உலகெங்கும் பரவியது. மறைந்த மனைவியார் ராமாமணியின் பெயரால் சிவாஜிநகர்ப் பகுதியில் அவர் அமைத்த யோக நிலையம் 1975-இல் திறக்கப்பட்டது. 2014-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இந்நகரிலேயே மறைந்தார்.

அவருடைய கொடைகளுள் நமக்கு மிகவும் பயன்படுவது ஒன்று உண்டு. உடல் வளையாதவரும் முதியோரும் பயிற்சி செய்யுமாறு கட்டை, கயிறு, பட்டை, நாற்காலி ஆகியவற்றை ஆசனத்திற்குத் துணையாக்கினார். 'நமக்கு வயதாகிவிட்டது, இனி வளையாது' என்று நாம் சொல்லும் சாக்கிற்கு அவர் இடம் வைக்கவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். யோகம் தொடங்கிய சின்னாளில், 'இனி மருந்து எதற்கு?' என்று இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உண்ணும் மாத்திரைகளைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். இது பெரும் தீங்கு. இயற்கை மருத்துவத்தில் காந்தியடிகளைவிடப் பற்றுடையார் யார்? 1909-இல் எழுதிய 'இந்து சுயராஜ்'யத்தில் மருத்துவமனைகளைக் கடிந்தவர் அவர். அவரே 1924-ஆம் ஆண்டு எரவாடா சிறையில் இருந்தபோது குடல்வால் நோயுற்று, புனே சாசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு இசைந்து உயிர் பிழைத்தார். அதன் பின்னும் இயற்கை மருத்துவத்தை அவர் கைவிடவில்லை. 1946-இல் புனேக்குக் கிழக்கே உருளி காஞ்சனில் ஏழை மக்களுக்காக அம்மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். இரண்டிற்கும் அவரவர் வாழ்வில் இடம் உண்டு என்பதே அவர் வாழ்வு காட்டும் பாடம். நிக்டிக்கு ஒருபுறம் யோகம் ஆய்ந்த லோணாவளா. மறுபுறம், பெனிசிலின் ஆக்குவதற்கென்று 1954-இல் நிறுவிய ஆலையையுடைய பிம்ப்ரி. இவ்விரண்டிற்கும் நடுவே வாழும் நாம் ஒன்றை ஏற்க மற்றொன்றைத் தள்ள வேண்டுவதில்லை.

இனி, நாம் செய்யக்கூடியது யாது? நாளொன்றுக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் போதும். எட்டு நிமிடம் எளிய ஆசனங்கள். எட்டு நிமிடம் மூச்சுப் பயிற்சி. எட்டு நிமிடம் கண்மூடி அமைதி. நாம் இயல்பாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிட்டால் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறையும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, மனமும் அடங்குகிறது. இரவு ஷிப்ட் முடித்து வந்தும் உறக்கம் வாராது புரள்வோர்க்கு இது நல்ல துணை. மூச்சுத் திணறினால் வற்புறுத்தலாகாது. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உடையவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்த்தல் வேண்டும். மருத்துவரைக் கேட்டு, நல்லாசிரியரிடம் தொடங்குதலே முறை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். 'வீட்டு வேலையே எங்களுக்குப் பயிற்சி' என்கிறீர்கள். அவ்வேலை உடலைக் களைப்பிக்கிறது. முதுகை நிமிர்த்துவதில்லை, மனத்திற்கு ஓய்வும் தருவதில்லை. அந்த ஒரு நாழிகையை உங்களுக்கென்று ஒதுக்கித் தருதல் இல்லத்தில் உள்ள ஏனையோரின் கடமை.

தனியே தொடங்குவது பலர்க்கு அரிது. பத்துப் பேர் கூடினால் எளிது. ஆகவே, ஞாயிறுதோறும் காலையில் நம் சங்கத்தின் சார்பில் ஒரு கூட்டுப் பயிற்சி நடத்துமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறோம். அது உடலுக்கு நலம் தரும். உற்றாரைப் பிரிந்து இங்கு வாழும் முதியோர்க்கு வாரம் ஒருமுறை தமிழில் பேசி மகிழும் வாய்ப்பும் ஆகும். அடுத்த ஆண்டு விழாவில் நாம் அனைவரும் இன்னும் நிமிர்ந்த முதுகோடும் தெளிந்த முகத்தோடும் கூடுவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!