ஒற்றை நாற்று நடவு: விவசாயி கேட்கிற கேள்விக்குப் பதில் எங்கே?

தோழர்களே, திருந்திய நெல் சாகுபடி பற்றி வல்லுநர்கள் சொல்றது உண்மைதான். ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை போட்ட இடத்தில் 3 கிலோ போதும். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒண்ணு, 22.5 செ.மீ. இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர்.

டெல்டாவில் ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவரிடம் போய்க் கேளுங்க. பக்கத்து வயல் வழியா வர்ற தண்ணியை அவர் எப்படி நிறுத்துவார்? வடிகால் தூர்ந்து கிடக்கு. ஒரு மழையில் அந்தச் சின்ன நாத்து மூழ்கினா யார் ஈடு கட்டுவாங்க? கயிறு பிடிச்சு நட ஆள் எங்கே? இதைத்தான் சிலர் ‘விழிப்புணர்வு இல்லை’ன்னு எழுதிட்டுப் போறாங்க!

மானியத்தில் கோனோ வீடர் கொடுத்தா மட்டும் போதாது. வயலைச் சமன்படுத்த உதவி வேணும். வடிகாலைத் தூர்வாரணும். குத்தகை விவசாயிக்கும் அலைச்சல் இல்லாம பயிர்க் காப்பீடு கிடைக்கணும். புது முறையில் முதல் போகம் நஷ்டமானா அதை அரசு ஏற்கணும். இதுதான் நம்ம கோரிக்கை.