கூட்டத்தில் இருப்பவர்களும் கதையில் இருப்பவர்களும்



'பிளேட் ரன்னர்' 1982-இல் வந்த படம். அது காட்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் 2019-ஆம் ஆண்டுக்கு உரியது. விடாத மழை. கட்டடச் சுவர் அளவுக்கு விரிந்த விளம்பரத் திரையில் சிரிக்கும் ஜப்பானியப் பெண். தெருவோர நூடுல்ஸ் கடை, பல மொழிகள் கலந்த தெருப்பேச்சு. ரிட்லி ஸ்காட்டின் அந்த நகரத்தில் ஆசிய முகங்களுக்குப் பஞ்சமே இல்லை. கதைக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. வேட்டையாடும் டெக்கர்ட் வெள்ளையர், வேட்டையாடப்படும் செயற்கை மனிதர்கள் வெள்ளையர், அவர்களை உருவாக்கிய நிறுவனத் தலைவரும் வெள்ளையர். ஜேம்ஸ் ஹாங்குக்கு வாய்த்தது செயற்கைக் கண் செய்யும் முதியவர் வேடம். உறைகுளிர் அறையில் நடுங்கியபடி ஒரு தகவலைச் சொல்வதோடு அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

வேற்றுக் கோள்களில் இந்தச் செயற்கை மனிதர்கள் அடிமை வேலைக்குப் பயன்படுவதாகப் படத்தின் தொடக்க வரிகளே சொல்கின்றன. தப்பி ஓடுவது, துரத்திப் பிடிக்க ஆள் வைப்பது, உடலையே உடைமையாக எண்ணுவது எல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டவை. திரையில் அவற்றைப் படுபவரோ பொன்னிற முடி ருட்கர் ஹாவர்.

முகங்களை மட்டும் எண்ணினால் 'பிளேட் ரன்னர்' எளிதில் தேறிவிடும். யார் பட்ட துயரம் கதைக்கு முதலாகிறது, பட்டவர் அந்தக் கதையில் எங்கே நிற்கிறார் என்று இந்தக் கருத்தரங்கு கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல் பிடிபடும்.

மார்கரெட் அட்வுட்டின் 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' 1985-இல் வந்தது. வரலாற்றில் எங்கும் நடந்திராத எதையும் நாவலில் சேர்க்கவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். உண்மைதான். நாவலின் பெண்கள் படும் படிக்கத் தடை, பெற்ற பிள்ளையைப் பறித்தல் ஆகியவை அமெரிக்க அடிமைப் பெண்களுக்கு நடந்தவை. ஆனால் நாவலில் கறுப்பின மக்கள் வடக்கு டகோட்டாவுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு செய்தி அறிவிப்போடு அவர்கள் கணக்கு தீர்ந்தது. 1990-இல் வந்த திரைப்படத்திலும் நாயகி நடாஷா ரிச்சர்ட்சன்தான்.

இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 2006-இல் எதிர்த்திசையில் நடந்தார். அவர் படமாக்கிய பி.டி. ஜேம்ஸின் நாவலில் கருவுறுபவள் ஜூலியன், அரசை எதிர்க்கும் சிறு குழுவில் ஒருத்தி. 'சில்ட்ரன் ஆஃப் மென்' படத்திலோ பிள்ளையே பிறக்காமல் போன உலகில் கருவுற்றிருப்பவள் கீ என்னும் ஆப்பிரிக்க அகதிப் பெண். அகதிகளைக் கூண்டில் அடைக்கும் பிரிட்டனுக்கு அவள் வயிற்றில்தான் நாளை இருக்கிறது. துணிச்சலான மாற்றம். ஆனாலும் எந்த வழியாகத் தப்புவது என்பதைப் பெரும்பாலும் நாயகன் தியோவே முடிவுசெய்கிறார். பாதிக் கிணறு தாண்டிய படம் என்று சொன்னால் ரசிகர்கள் கோபிக்கக்கூடும், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அதைவிடச் சங்கடமானது நீல் ப்ளோம்காம்ப்பின் 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009). கேப் டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டார்கள். அந்த வரலாற்றை ஜோகன்னஸ்பர்க்கின் வேற்றுக்கோள்வாசிகள் மேல் ஏற்றுகிறது படம். சொவெட்டோவின் சியாவெலோ குடிசைப் பகுதியிலேயே படப்பிடிப்பு நடந்தது. குடிசை குடிசையாக ஏறி வெளியேற்ற நோட்டீசில் கையெழுத்து வாங்கும் அதிகாரியின் அசட்டுச் சிரிப்பில், அரசு இயந்திரத்தின் கொடுமை அச்சு அசலாகப் பதிவாகியிருக்கிறது. நிறவெறி ஆட்சியை இவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்த அதே படம், நைஜீரியர்கள் என்று வந்ததும் சறுக்குகிறது. அவர்கள் ஆயுதம் விற்கிறார்கள், பெண்களை விற்கிறார்கள், மாந்திரீக நம்பிக்கையில் வேற்றுக்கோள்வாசிகளின் சதையைத் தின்கிறார்கள். கும்பல் தலைவனின் பெயர் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயரை அப்படியே ஒத்திருக்கிறது. நைஜீரியாவின் அன்றைய தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கச் சொன்னதில் வியப்பில்லை. கற்பனை உயிரினத்துக்குக் கிடைத்த இரக்கம் அதே கண்டத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை.

பட்டவர்களின் பக்கமிருந்து வந்த படங்களும் இருக்கின்றன. அலெக்ஸ் ரிவேராவின் 'ஸ்லீப் டீலர்' (2008) படத்தில், எல்லை மூடப்பட்ட மெக்சிகோவின் டிஹுவானா நகரத்து இளைஞர்கள் உடலில் கம்பி செருகிக்கொண்டு அமெரிக்காவிலுள்ள ரோபோக்களை இயக்குகிறார்கள். உழைப்பு எல்லை தாண்டுகிறது, உழைப்பவர் தாண்டக்கூடாது. கனடாவின் க்ரீ-மெட்டி இயக்குநர் டானிஸ் கூலே 'நைட் ரெய்டர்ஸ்' (2021) படத்தில் பிள்ளைகளைப் பிடித்துச் செல்லும் அரசுப் பள்ளியைக் காட்டுகிறார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகள் கனடாவில் 1990-கள் வரை இயங்கியவை. அவருக்கு இது எதிர்காலக் கற்பனையே இல்லை.

கென்யாவின் வனூரி கஹியு எடுத்த 'பும்சி' (2009) இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும் குறும்படம். தண்ணீருக்காக நடந்த போருக்குப் பின் நிலத்தடியில் வாழும் சமூகத்தில், ஆஷா என்ற பெண் ஒரு விதைக்காகத் தடையை மீறி வெளியேறுகிறாள். 'டிஸ்ட்ரிக்ட் 9' சுமார் 3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 20 கோடிக்கு மேல் வசூலித்து, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரையும் பெற்றது அதே காலத்தில்தான். திரையில் யார் என்ற கேள்வியோடு, பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கட்டுரையாளர்கள் தொட வேண்டும். பிற்பகலில் 'பும்சி' திரையிடப்படுகிறது. அதன் பிறகு விவாதம்.