வரம் பிறருக்காகவே

(யூபிலி தயாரிப்பு நாள்களில் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் ஆண்டவர் நம் பங்கிற்கு அளித்த கொடைகளை எண்ணி நன்றி கூறுகிறோம். பாடும் குரல், மறைக்கல்வி கற்பிக்கும் பொறுமை, நோயாளியின் அருகில் அமர்ந்து செபிக்கும் மனம், அசன நாளில் அடுப்படியில் நிற்கும் கைகள், கணக்கைச் சுத்தமாய் எழுதும் நேர்மை ஆகிய யாவும் தூய ஆவியாரின் கொடைகளே. ஆயினும் வரங்கள் மிகுந்த இடத்தில் பிளவும் எளிதில் நுழைந்துவிடுகிறது.

புனித சின்னப்பர், அதாவது பவுலடிகளார், கி.பி. 55-ஆம் ஆண்டளவில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை நோக்குவோம். அச்சபையில் பரவசப் பேச்சும் இறைவாக்கும் குணமாக்கும் வரமும் இருந்தன. கூடவே பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்ற பிரிவினையும் இருந்தது. ஆண்டவரின் விருந்திலேயே சிலர் வயிறார உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். அடிகளார் வரங்களைத் தடுக்கவில்லை. எந்த வரமும் பெற்றவருக்காக அன்று, அனைவரின் நன்மைக்காகவே தரப்படுகிறது என்று விளக்கினார். வரங்களைப் பற்றிய 12, 14-ஆம் அதிகாரங்களுக்கு நடுவே அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரத்தை வைத்தார்.

நம் அண்டையிலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறியாதவர் நம்மில் யார்? களிமண் உருவம் ஏற்கும். குவார்ட்ஸ் கல்லின் பொடி அவ்வுருவத்தைத் தாங்கும். இவ்விரண்டோடு பெல்ஸ்பார் என்ற கல்லின் பொடியும் சேர்கிறது. சூளையில் வெப்பம் 1,200 டிகிரியை நெருங்கும்போது பெல்ஸ்பார் உருகி மற்றவற்றைப் பிணைக்கிறது. சபையில் அன்பு செய்யும் வேலையும் அதுவே. எல்லாரும் ஒரே மாதிரி ஆக வேண்டியதில்லை; ஆனால் யாராவது உருக வேண்டும்.

அப்படி உருகியவர்களை நாம் கண்டிருக்கிறோம். கத்தோலிக்கராகிய நாம் சர்வேசுரன், சேசுநாதர், இராயப்பர் என்று சொல்லி வந்தோம். சீர்திருத்த சபையார் தேவன், இயேசு, பேதுரு என்றனர். ஒரே ஊரில் வாழ்ந்தும் மறைநூல் மொழியில் அந்நியராய் இருந்தோம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பின்னர் இரு தரப்பு அறிஞரும் ஒன்றாய் அமர்ந்து உழைத்தனர். அதன் கனியாக 1995-ல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஒருவரும் தம் சபையை விட்டு விலகவில்லை. தமக்குப் பழகிய சொற்களை விட்டுக்கொடுத்தனர்.

ஆனால் வேறு சபையாரோடு இணைவதைவிட, ஒரே ஆலயத்தில் இணைவது கடினமாயிருந்த வரலாறும் நமக்குண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த ஆலயம், சாதிக்கொரு பக்கமாக இரு பிரிவாய் அமைந்தது. நடுவிலிருந்த தடுப்பை 1910-ல் கௌசானல் அடிகளார் அகற்றச் செய்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் கிறிஸ்தவர்களே! ஒரே அப்பத்தில் பங்குகொள்வோருக்கு நடுவே சுவர் வேண்டும் என்று வழக்காடினர்.

சகோதர சகோதரிகளே, அச்சுவர் நம்மிடம் இல்லையென்று சொல்லத் துணிவோமா? தேர் எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம், விழாக் குழுவில் எந்தத் தெருவாருக்கு முதலிடம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அச்சுவர் மீண்டும் எழுகிறது. நன்றாய்ப் பாடுகிறவர், உருக்கமாய்ச் செபிக்கிறவர், தாராளமாய்க் கொடுக்கிறவர் யாராயினும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: என் வரத்தால் யார் அருகில் வந்தார்? யார் விலகிப் போனார்?

பழைய ஏற்பாட்டின் யூபிலி என்பது ஐம்பதாம் ஆண்டு. விற்ற நிலம் உரிய குடும்பத்திற்குத் திரும்பும். அடிமைப்பட்டவர் தம் வீடு சேர்வர். பிடித்து வைத்திருப்பதை விடுவதே யூபிலி. இவ்வாண்டு நம் தேர் எல்லாத் தெருவுக்கும் செல்லட்டும். அதை இழுக்கும் வடத்தில் எல்லார் கையும் படட்டும். இதற்கான மனத்தைத் தூய ஆவியார் நம் அனைவருக்கும் அருள்வாராக. ஆமென்.