காலிக்கு ரெண்டு டிக்கெட்: ஒரு கடற்கரை, ரெண்டு பேர், நாலு நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

"ரெண்டு பேரா வெளிநாடு போகணும், கடல் இருக்கணும், லீவு நாலஞ்சு நாள்தான். எங்க போலாம்?" இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல ரொம்ப நாளா நிக்குது. நான் திருப்பரங்குன்றத்துக்காரன். முருகன் தெய்வானையைக் கல்யாணம் பண்ணின ஊர். முகூர்த்த நாள்ல சன்னதி தெருவுல நடக்க இடம் இருக்காது. அதனால, கல்யாணம் முடிஞ்ச ஜோடிங்க எங்க டூர் போறதுங்கிற பேச்சு எங்க ஊர்ல எப்பவும் ஓடிட்டே இருக்கும். பாலி, தாய்லாந்து, மாலத்தீவு, இந்த மூணுக்குள்ளதான் பேச்சு சுத்தும்.

நாங்க ரெண்டு பேரும் போனது இலங்கையோட தென்மேற்குக் கரை. எங்க வீட்டுல இருந்து மதுரை ஏர்போர்ட் ஆட்டோவுல போற தூரம். அங்கேருந்து கொழும்புக்கு நேரடி விமானம். பறக்குறது ஒரு மணி நேரம் சொச்சம்தான். மதுரையில இருந்து ராமேஸ்வரம் பஸ்ல போக இதைவிட அதிக நேரம் ஆகும்.

இலங்கைக்கு பேக்கேஜ் கேட்டா கண்டி, நுவரெலியா, சிகிரியா, பெந்தோட்டைன்னு அஞ்சே நாள்ல மொத்தத் தீவையும் சுத்திக் காட்டுறேன்னு சொல்வாங்க. பாதி லீவு வேன்லயே போயிடும். நாங்க ஹிக்கடுவையில இருந்து தெவிநுவர வரைக்கும் ஒரே ஒரு கரையை மட்டும் எடுத்துக்கிட்டோம். மொத்தம் 70 கிலோமீட்டர் போல வரும். அதுக்கு மேல ஒரு ரூல். ஒரு நாளைக்கு ரெண்டு விஷயம்தான், ஒண்ணு அவங்க சொல்றது, ஒண்ணு நான் சொல்றது. மிச்ச நேரத்துக்கு பிளான் கிடையாது. "ஆபீஸ்ல எந்த ஸ்பிரிண்ட்லயும் பஃபர் விடமாட்டீங்க, டூர்லயாவது விடுப்பா"ன்னு என் மனைவி சொன்னதுதான் இந்த ரூல்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அவங்க இன்னொண்ணும் கேட்டாங்க. "சின்ன வயசுல நியூஸ்ல பாத்த ஊருக்கு ஜாலியா டூர் போறதாப்பா?" 2009ல போர் முடிஞ்சப்ப நாங்க ஸ்கூல் பசங்க. டிவியில ஓடினது எல்லாம் இன்னும் ஞாபகத்துல இருக்கு. இந்தக் கேள்விக்கு என்கிட்ட ரெடிமேட் பதில் இல்ல. போறோம்னா கண்ணைத் திறந்து வெச்சுட்டுப் போவோம்னு மட்டும் பேசிக்கிட்டோம்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து ரயில். போர்டு எல்லாம் சிங்களம், தமிழ், இங்கிலீஷ்னு மூணு மொழியில இருக்கும். ரயில்ங்கிறதுக்கு அங்க 'புகையிரதம்'னு எழுதியிருக்காங்க. நாம போற ஊருக்குத் தமிழ்ல பேரு காலி. அம்மாவுக்கு போன் போட்டு "காலிக்கு டிக்கெட் எடுத்துட்டோம்"னேன். "சீட்டு காலியா இருந்துச்சா? நல்லதாப் போச்சு"ன்னாங்க. அதைப் புரிய வைக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. போறப்ப வலது பக்கம் ஜன்னல் பிடிங்க. பல இடத்துல தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவுல சில அடிதான்.

அந்த நெருக்கத்தோட இன்னொரு பக்கம் ஹிக்கடுவைக்கு முன்னாடி வர்ற பெரலிய. 2004 டிசம்பர் 26, போயா லீவு நாள், கூட்டமான ரயில். முதல் அலையில ரயில் நின்னுடுச்சு. ரயில்னா பாதுகாப்புன்னு நம்பி ஊர்க்காரங்களும் ஏறினாங்க, பெட்டிக்குப் பின்னாடி ஒதுங்கினாங்க. அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைத் தூக்கி வீசிடுச்சு. இறந்தவங்க 1,700 பேருக்கு மேலன்னு கணக்கு. உலகத்துலயே அதிகமான உயிர்களைக் காவு வாங்கின ரயில் விபத்து இதுதான்.

முதல் நாள் நான் கேட்டது இந்த நினைவிடம். காரணம் சொல்றேன். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் வந்ததுக்கும் இந்த ரயில் மேல அலை அடிச்சதுக்கும் நடுவுல ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு. ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்தா ரெண்டு நிமிஷத்துல என் போன் அலறுது. அன்னைக்கு ஒரு மொத்தக் கடலுக்கும் அலாரம் இல்ல. இந்தியப் பெருங்கடலுக்குன்னு சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்ப கிடையாது. நம்ம ஹைதராபாத் மையம் 2007லதான் வந்துச்சு. நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் அன்னைக்கு 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அதனால அந்த நினைவிடம் எங்களுக்கு அந்நிய ஊர் மாதிரி தெரியல. அங்க போட்டோ எடுக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தோம்.

அடுத்த நாள் காலி கோட்டை. சாயங்காலம் மதில் மேல நடக்கணும்ங்கிறது அவங்க விருப்பம். போர்ச்சுகீசியர் ஆரம்பிச்சது, 1640ல டச்சுக்காரங்க கைக்கு வந்து பெரிசாச்சு. 1988ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. சுனாமி அன்னைக்கு கோட்டைக்கு வெளிய இருந்த ஊர் சின்னாபின்னமாச்சு. உள்ள இருந்ததுல பெரும்பகுதியை இந்த மதில்தான் காப்பாத்துச்சு. மதில் மேல நின்னா கீழ கிரிக்கெட் கிரவுண்ட் தெரியும். 2010 ஜூலை 22, நம்ம ஓஜா விக்கெட்டை எடுத்து முரளிதரன் 800 தொட்டது அங்கதான். டெஸ்ட்ல அவர் போட்ட கடைசிப் பந்தும் அதுதான்.

நாங்க தங்கினது கோட்டைக்குள்ள ஒரு ஹோம்ஸ்டே. வீட்டுக்கார அம்மா முஸ்லிம். நாங்க பேசினதைக் கேட்டதும், "எந்த ஊர் மகள்?"னு தமிழ்லயே கேட்டாங்க. அவங்க வீட்டுல பேசுறதே தமிழ்தான். "மதுரைன்னா கோயில் ஊர்தானே, டிவியில பாத்திருக்கேன்"னு சொல்லிட்டு ப்ளேன் டீ கொண்டு வந்தாங்க. அன்னைக்கு மத்தியானம் எங்களுக்கு பிளான் இல்லாததால ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டோம். 2022 நெருக்கடியில கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நின்னது, ரூம் மாசக்கணக்கா ஆள் இல்லாம கிடந்தது, எல்லாம் சொன்னாங்க. கிளம்புறப்ப என் மனைவி கையைப் பிடிச்சு, "நீங்க வந்தாத்தானே நாங்க ஓடுவோம் மகள்"னாங்க. அவங்க முன்னாடி கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்ல. ஆனா நாம குடுக்குற வாடகை யார் அடுப்புக்குப் போகுதுன்னு தெரிஞ்சுச்சு. பேக்கேஜ்ல போயிருந்தா அந்த நேரம் வேன்ல இருந்திருப்போம்.

மூணாவது நாள் தெவிநுவர. தமிழ்ல தெய்வேந்திரமுனைன்னு சொல்வாங்க. இலங்கையோட தென்கோடி. வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதுக்கப்புறம் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் தண்ணிதான். இங்க ஒரு பெரிய கோயில் இருந்துச்சு, 1588ல போர்ச்சுகீசியர் இடிச்சுட்டாங்க. இப்ப விஷ்ணு தேவாலயமும் பௌத்த விகாரையும் இருக்கு. 1344 வாக்குல இந்தக் கோயிலைப் பாத்துட்டு எழுதின இப்னு பதூதா, அப்புறம் கடல் தாண்டி தமிழ்க் கரைக்கு வந்து மதுரைக்கும் வந்தார். நம்ம ரிட்டர்ன் ரூட்டை அவர் அப்பவே போட்டுட்டார்!

அந்தக் கோயில் பேரு ஒரு கல்லுல இருக்கு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்த கல். 1409ன்னு தேதி போட்டது. 1911ல காலியில ஒரு இன்ஜினியர் கண்ணுல பட்டப்ப, அது சாக்கடைக்கு மூடியாக் கிடந்துச்சு. இப்ப கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. கடைசி நாள் ஃபிளைட்டுக்கு முன்னாடி போய்ப் பாத்தோம். ஒரே கல்லுல சீனம், தமிழ், பாரசீகம். சீனத்துல புத்தருக்கும், தமிழ்ல தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்துல அல்லாவுக்கும் காணிக்கை. மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பொன், வெள்ளி, பட்டு. யாருக்கும் குறைக்கல. சீனத்துல இருந்து வந்தவர் இந்தக் கரையில பேசணும்னா தமிழ்லயும் எழுதியாகணும்னு முடிவு பண்ணியிருக்கார் பாருங்க. முருகன் கோயில், சிக்கந்தர் தர்கா, சமணர் படுக்கை மூணும் இருக்குற ஒரு மலையடிவாரத்துல வளந்த எனக்கு, அந்தக் கல்லை விட்டு நகர மனசு வரல. என் மனைவிதான் "ஃபிளைட்டு போயிடும்"னு இழுத்துட்டு வந்தாங்க.

சரி, போறவங்களுக்கு நாலு விஷயம். இந்தக் கரைக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல சீசன். மிரிஸ்ஸவுல நீலத்திமிங்கலம் பாக்குறதும் அப்பதான். மே முதல் செப்டம்பர் வரைக்கும் கடல் சீறும், அப்ப திருகோணமலைப் பக்கம் போங்க. கொக்கல, வெலிகம பக்கம் கடலுக்குள்ள கம்பு நட்டு அது மேல உக்காந்து மீன் பிடிக்கிறவங்கள்ல நிறையப் பேர் இப்ப போட்டோவுக்காக உக்காருறவங்க. எடுத்தா காசு குடுக்கணும், தொகையை முன்னாடியே பேசிக்கோங்க. விசா விதி அடிக்கடி மாறும், அரசாங்கத் தளத்துல மட்டும் பாருங்க. கடைசியா, ஒரு நாளைக்கு ரெண்டு விஷயம், அதுக்கு மேல வேண்டாம். நம்ம ஆள் எதைப் பாத்து நிக்கிறாங்க, எங்க பேச்சை நிறுத்துறாங்கன்னு கவனிக்கவும் நேரம் வேணும்ல?

நீங்க ரெண்டு பேரா போய்ட்டு வந்த கரை எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். வரட்டா!