கருவறையிற் புகும் புகை



தாயையும் கருவிலுள்ள சேயையும் இணைக்கும் உறுப்பிற்கு நம் முன்னோர் நஞ்சுக்கொடி என்று பெயரிட்டனர். மகப்பேற்றிற்குப் பின் வெளிப்படாது தங்கிவிடின் தாயின் உயிருக்கே ஊறு விளைக்கும் என்பது கருதிப் போலும்! ஆயின், கரு வளரும் காலமெல்லாம் அது நஞ்சன்று. உணவும் பிராணவாயுவும் சேய்க்குச் செல்லும் வாயில் அதுவே. அவ்வாயிலின் வழியே மெய்யாகவே நஞ்சைப் புகுத்தும் பழக்கம் ஒன்று உண்டு. அது புகைபிடித்தல். கருவுற்ற காலத்தில் அதனைக் கைவிடுதல் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

"இஃது இல்லறத்தார்க்குரிய செய்தி, எமக்கு எதற்கு?" என்று நீங்கள் எண்ணலாம். பழக்கம் பற்றுவது உங்கள் வயதில்தான். நானும் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில்தான் சிகரெட்டைக் கையிலெடுத்தேன்.

புகை கருவை எவ்வாறு தாக்குகிறது? புகையிலைப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உளது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே தாயின் குருதி சுமந்து செல்லும் பிராணவாயு குறைகிறது. நிகோடினோ குருதிக் குழாய்களைச் சுருக்குவதோடு நஞ்சுக்கொடியையும் கடந்து சேயை அடைகிறது. நமக்கு மூச்சு முட்டினால் சன்னலைத் திறப்போம். வெளியே எழுந்து செல்வோம். கருவிலுள்ள குழந்தை எங்கே செல்லும்?

1957 ஆம் ஆண்டில் சிம்ப்சன் என்னும் ஆய்வாளர், கலிபோர்னியாவில் பிள்ளை பெற்ற 7,000க்கும் மேற்பட்ட தாய்மாரின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டார். புகைபிடித்த தாய்மாரிடையே குறைப்பேறு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. அவர்தம் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் அளவு எடை குன்றிப் பிறப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. "குழந்தை சிறிதாயின் பேறு எளிது" என்பாரும் உளர். அது பேதைமை. எடை குன்றிய குழந்தைக்கு உடல் வெம்மையைக் காத்துக்கொள்வதும் நோயை எதிர்ப்பதும் அரிது.

நம் நாட்டில் புகைபிடிக்கும் பெண்டிர் சிலரே. ஆயினும் வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர் பலர். மென்றாலும் நிகோடின் கருவை அடையும். மேலும், கணவன் விடும் புகையை மனைவியும் சுவாசிக்கிறாள். பிறர் விட்ட புகையாலும் குழந்தையின் எடை சிறிதளவு குறைகிறது என்பதை 2006 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கை உறுதி செய்தது.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1984 இல் என் மனைவி முதன்முறை கருவுற்றிருந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே இரவெல்லாம் புகைப்பேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்திலிருந்து தாழ்வாரத்திற்குச் சென்றுவிடுவாள். காற்றுக்காகச் செல்கிறாள் என்றே எண்ணியிருந்தேன். மகன் இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தான். பல நாள் மருத்துவமனையில் வைத்துக் காத்தனர். என் புகையே அதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஒரு வீட்டுக் குழந்தையைக் கொண்டு விதி வகுத்தல் அறிவியலன்று. ஆயிரக்கணக்கானோரை ஆராய்வது அதற்காகவே. ஆனால், காரணமன்று என்று கூறவும் எனக்கு வழியில்லையே! அதுதான் இன்றளவும் உறுத்துகிறது.

1987 இல் அவள் மீண்டும் கருவுற்றபோது சிகரெட்டை விட்டேன். முதல் மூன்று நாள்கள் கொடியவை. தலைவலி, சினம், உறக்கமின்மை. ஒன்பதாம் நாள் ஒரு திருமண வீட்டில் வழுக்கினேன். மறுநாளே மீண்டும் தொடங்கினேன். வேட்கை எழுந்து சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதைக் கண்டுகொண்டேன். அந்நிமிடங்களில் ஒரு குவளை நீர் பருகுவேன், ஏலக்காய் ஒன்றை மெல்லுவேன், தெருக்கோடிவரை நடப்பேன். ஒரு திங்களில் அது அடங்கிற்று.

"கருவுற்றுச் சில திங்கள் கடந்துவிட்டனவே, இனி விட்டு என்ன பயன்?" என்று தாய்மார் எவரும் தளரவேண்டா. முதல் மூன்று நான்கு திங்களுக்குள் புகையை விட்டவர்க்கு, எடை குன்றிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு, என்றுமே புகைக்காதவர்க்கு உள்ள அளவிற்கே குறைந்துவிடுகிறது என்று 1990 ஆம் ஆண்டின் அறிக்கை கூறிற்று. அதன்பின் விட்டாலும் நன்மையே. கடைசிச் சிகரெட்டிற்குப் பின் ஓரிரு நாள்களில் நச்சுவாயு குருதியினின்று பெரும்பாலும் நீங்கிவிடும். எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் போதாது. குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழ இழுத்து ஈடுசெய்துகொள்வர். அத்தாயை ஏசுதலும் தகாது. ஏச்சுக்கு அஞ்சுபவள் மருத்துவரிடம் உண்மையை மறைப்பாள். துணை நிற்பதே வேண்டுவது.

பொது இடங்களிற் புகைத்தலை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டுக் கூடத்திற்குள் அச்சட்டம் வாராது. அங்கே காவல் நிற்க வேண்டியவர் நாமே. மாணவர்களே, தொடங்காதிருப்பீராயின் விடுகின்ற துன்பமே உமக்கில்லை. இல்லத்தில் புகைப்பவர் இருப்பின், இன்று கேட்டதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். என் மனைவி அன்று வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே உணர்ந்திருக்க வேண்டியவன் நான்.